நாய்கள் இருக்கும் வீட்டுக்குப் புதுக் குட்டி வரும்போது: முதல் நாள் முதல் முதல் வருடம் வரை

எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். மணிக்கு 9 வயது, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். கறுப்பிக்கு 4 வயது, அவளும் நாட்டு இனம். சென்ற ஆண்டு ஆவணியில் வந்தவன் செவலை, சிப்பிப்பாறைக் குட்டி. செவலையை வளர்த்த முறை முழுவதும், கறுப்பியை வளர்த்தபோது செய்த ஒரு தவறிலிருந்து கற்றது.

கறுப்பி வந்தபோது, வீட்டில் பெரிய நாய் இருக்கிறதே, அதைப் பார்த்தே குட்டி எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்று நம்பினேன். காலை முதல் இரவு வரை இருவரையும் ஒன்றாக விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 5 மாதத்தில் மைதானத்தில் வைத்துக் கூப்பிட்டபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தாள். அவன் வந்தால் வந்தாள், வராவிட்டால் இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்காக மணி இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தபோது, சோற்றைத் தொடாமல் கேட்டருகே படுத்து அழுதாள். அவள் மணியின் நாயாக வளர்ந்திருந்தாள். அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பல நாய்கள் உள்ள வீட்டில் குட்டி முதலில் மனிதரோடு ஒட்ட வேண்டும், மற்ற நாய்களோடு அதற்குப் பிறகுதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

குட்டியைத் தேடும் முன்

முதலில் வீட்டில் இருக்கும் நாயைப் பாருங்கள். மூட்டு வலியோடு நடக்கும் கிழட்டு நாயின் முதுகில் ஒரு குட்டி நாள் முழுக்கத் தாவி விழுந்தால், எவ்வளவு சாதுவான நாயும் ஒரு நாள் கடிக்கும். வலி இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் பாருங்கள். பெரிய நாயின் கெட்ட பழக்கங்களையும் இப்போதே திருத்துங்கள். தெருவில் போகும் ஒவ்வொரு பைக்கையும் பார்த்து அது குரைத்தால், குட்டியும் ஒரே வாரத்தில் பக்கத்தில் நின்று குரைக்கும். நல்ல பழக்கம் இவ்வளவு வேகமாக ஒட்டாது.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்காதீர்கள். துணைக்குத் துணை என்று விற்பவர் சொல்வார். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளரும், நீங்கள் சோறு வைக்கும் ஆளாக மட்டும் மிஞ்சுவீர்கள். இரண்டு வேண்டும் என்றால் முதல் குட்டிக்கு ஒன்றரை வயதாவது ஆகட்டும்.

ஆணா பெண்ணா என்று பலர் கேட்கிறார்கள். வளர்ந்த இரண்டு பெட்டைகளுக்குள் பகை மூண்டால் தணிப்பது கடினம். அதனால் பெட்டை இருக்கும் வீட்டுக்குக் கடுவன் குட்டியே என் தேர்வு. ஆனால் 6 மாதத்திலிருந்தே பெட்டை பருவத்துக்கு வரலாம், கடுவனும் அந்த வயதை ஒட்டித் தயாராகிவிடும். கருத்தடை அறுவை சிகிச்சையை எப்போது செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

இனத்தையும் யோசியுங்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எது ஓடினாலும் கால் தானாகப் புறப்படும். ஒன்று ஓடினால் மற்றவையும் சேரும். ராஜபாளையம், 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் பெருமைமிக்க இனம். அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வருகிறது. வாங்கும் முன் குட்டியைத் தனியே எடுத்துவந்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். உடன்பிறப்புகளோடு இருக்கும்போது சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். காது கேட்காத குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும்.

30, 35 நாளில் குட்டியை விற்பவர்களிடம் வாங்காதீர்கள். 8 வாரம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அங்கேதான் அது கற்றுக்கொள்ளும். அங்கே கற்காவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் கையைக் கடித்துத்தான் கற்கும், பெரிய நாய்களும் அதைப் பொறுக்காது.

தடுப்பூசியும் புழுவும் உண்ணியும்

பெரிய நாய்களின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள். தவறியிருந்தால் குட்டி வரும் முன்பே போட்டு முடியுங்கள். குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்கள் உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். அதற்கடுத்த ஊசிகளுக்கு மருத்துவர் எழுதும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

பார்வோ பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பார்வோவில் குட்டி இறந்து மூன்று மாதம் கழித்து அதே முற்றத்துக்கு வந்த அடுத்த குட்டியும் இறந்தது. ஃபினைல் ஊற்றிக் கழுவினோமே என்று அழுதார்கள். சிமென்ட் தரையை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட வேண்டும். மண்தரையை அப்படிச் சுத்தப்படுத்த முடியாது. பார்வோ வந்த வீடானால் ஒரு வருடம் பொறுங்கள், அல்லது தடுப்பூசி முழுதும் முடித்த வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். குட்டி சோர்ந்து படுத்து, வாந்தியெடுத்து, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல் இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எந்தச் சூழலில் வளர்ந்ததென்று தெரியாத குட்டியானால் முதல் 10 முதல் 14 நாள் தனி அறையில் வையுங்கள், தட்டும் துணியும் தனியாக இருக்கட்டும். குடற்புழு நீக்க மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். உண்ணியும் அப்படித்தான். ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் உண்ணி அடுத்த நாய்மீது ஏறும். பெரிய நாயின் உண்ணி மருந்தில் மிச்சத்தைக் குட்டிக்குத் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது குட்டியின் உயிரையே வாங்கலாம். வயது, எடை பார்த்து மருத்துவர் தரும் மருந்தை மட்டும் போடுங்கள்.

இடம் பிரித்தல்

குட்டிக்கென்று ஓர் இடம், பெரிய நாய்களுக்கென்று குட்டி வர முடியாத ஓர் இடம். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் திண்ணை மணியுடையது. தச்சரிடம் சொல்லி இடுப்பளவு உயரத்தில் கம்பிச் சட்டம் அடித்த ஒரு தடுப்பு செய்து, கூடத்துக்கும் திண்ணைக்கும் நடுவே பொருத்தினோம். முழுக் கதவைவிடக் கம்பித் தடுப்பு மேல். ஒன்றையொன்று பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், மேலே பாய முடியாது.

குட்டிக்கு ஒரு கூண்டும் வேண்டும். தண்டனைக்காக அதில் அடைக்கவே கூடாது. உள்ளே பழைய துணி விரித்து, சோற்றையும் அங்கேயே வைத்தால் நாலைந்து நாளில் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வயதில் நாளொன்றுக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டிய உயிர் அது. மற்ற நாய்கள் சுற்றிச் சுற்றி வந்தால் தூக்கம் கெட்டு, மாலையில் வெறிபிடித்ததுபோல் எல்லாரையும் கடிக்கும். குட்டி முரடாக இருக்கிறது என்று எனக்கு வரும் புகார்களில் பாதி தூக்கக் குறைவுதான்.

முதல் சந்திப்பு

வீட்டுக்குள் நேராகக் குட்டியைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். கூடம் ஏற்கெனவே ஒருவருடையது. இரண்டு மூன்று நாள் முன்பே, குட்டி படுத்த துணி ஒன்றை வாங்கிவந்து பெரிய நாய்கள் மோந்துபார்க்கப் போட்டுவிடுங்கள். சந்திப்புக்கு யாருக்கும் உரிமையில்லாத இடம் வேண்டும். தெருமுனை சரிவராது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருநாய்கள் நடமாடும் மண்ணில் விடக் கூடாது. நாங்கள் மொட்டை மாடியைப் பயன்படுத்தினோம். மணியும் கறுப்பியும் அங்கே அதிகம் போவதில்லை.

எல்லா நாய்களையும் ஒரே நேரத்தில் கொண்டுவராதீர்கள். மிகச் சாதுவான நாய் முதலில், தனியாக, வயிறு நிறைந்த பிறகு, சிறிது நடந்து களைத்த பிறகு. கயிறு கையில் இருக்கட்டும், ஆனால் தொய்வாக. இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் கயிறு வழியே நாய்க்குப் போகும்.

மணியை மாலை ஐந்து மணிக்கு மாடிக்குக் கூட்டிப்போனேன். செவலை என் அம்மாவின் கால் இடுக்கில் உட்கார்ந்திருந்தான். மணி வளைந்து நடந்துவந்து, குட்டியின் பின்பக்கத்தை மோந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணி, "மணி, வா" என்று அழைத்து ஒரு துண்டு ஈரல் கொடுத்தேன். மீண்டும் போனான், மோந்தான், மூன்று எண்ணி அழைத்தேன். நாலாவது முறை அவன் போகவே இல்லை. பக்கத்தில் படுத்துக் கொட்டாவி விட்டான். அன்றைக்கு அவ்வளவுதான், 5 நிமிடம். கறுப்பிக்கு மறுநாள்.

அந்த மூன்று நொடிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோப்பம் நீளும்போதுதான் உடல் விறைக்கத் தொடங்கும். நாய் அசையாமல் விறைத்து நிற்பது, வாயை இறுக மூடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவை உறுமலுக்கு முந்தைய அறிகுறிகள். வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். விறைத்த வாலும் ஆடும். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நின்றால் விளையாட அழைக்கிறது என்று பொருள்.

உறுமினால் திட்டாதீர்கள்

குட்டி காதைப் பிடித்து இழுக்கும்போது பெரிய நாய் உறுமுகிறது. நாம் பெரிய நாயை அதட்டுகிறோம். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரித்தால் திட்டு விழுகிறது என்று கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். உறுமல் கேட்டால் குட்டியை எடுத்து அப்பால் கொண்டுபோங்கள், பெரிய நாயை ஒரு வார்த்தை பாராட்டுங்கள்.

ஒரு அளவான உறுமலும், காற்றில் ஒரு வெற்றுக் கடியும் குட்டிக்கு நல்ல பாடம். குட்டி பின்வாங்கியதும் பெரிய நாய் விட்டுவிட வேண்டும், அதுதான் அளவு. பின்வாங்கிய பிறகும் துரத்தி அமுக்கினால் உடனே பிரித்துவிடுங்கள். பெரிய நாய்கள் குட்டிக்குக் காட்டும் பொறுமை 4, 5 மாதத்தில் குறையத் தொடங்கும். நேற்று வரை அனுமதித்ததை இன்று கண்டிக்கும். அது இயல்பு.

கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் ஒருவன் உண்டு, வீட்டில் நாமே அந்தத் தலைவனாக வேண்டும் என்ற "ஆல்ஃபா" பேச்சையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து பரவிய எண்ணம் அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதி, அந்தச் சொல்லை அதற்குப் பயன்படுத்துவது தவறு என்றார். குட்டியை மல்லாக்கப் போட்டு அமுக்குவதும் கழுத்தைப் பிடித்து உலுக்குவதும் பயத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

சாப்பாடு

தனித்தனித் தட்டு, தனித்தனி இடம், முடிந்தால் இடையில் தடுப்பு. யாருக்கு முதலில் வைப்பது என்று வீட்டில் விவாதம் வரும். "சின்னக் குட்டிக்கு முதலில் வையேன்" என்பார் அம்மா. யாருக்கு முதலில் வைத்தாலும் சரி, தினமும் அதே வரிசை, அதே இடம் என்பதுதான் முக்கியம். 15 நிமிடத்தில் எல்லாத் தட்டையும் எடுத்துவிடுங்கள். காலித் தட்டுக்கும் சண்டை வரும்.

குட்டிக்கு 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு எந்த நாய்க்கும் வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பு ஊசியாகச் சிதறும், அதோடு பல நாய்கள் உள்ள வீட்டில் சண்டைக்கு முதல் காரணமும் எலும்புதான்.

குட்டி தின்னும்போது தட்டுக்குள் கைவிட்டுப் பழக்க வேண்டும் என்பார்கள். அதற்கு மாறாகச் செய்யுங்கள். பக்கத்தில் போகும்போதெல்லாம் தட்டில் இன்னும் நல்ல ஒரு துண்டைப் போடுங்கள். மனிதர் வந்தால் தட்டு நிறையும் என்று அது நம்பட்டும்.

வெளிக்குப் போவது

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் வெளியே தூக்கிப்போங்கள். குட்டி அடக்கக்கூடிய நேரம், வயது எத்தனை மாதமோ அதைவிட ஒரு மணி நேரம் அதிகம், அவ்வளவே. 2 மாதக் குட்டியானால் 3 மணி நேரம். இரவிலும் ஒருமுறை எழத்தான் வேண்டும். பெரிய நாயைப் பின்பற்றிக் குட்டி இடத்தைப் பழகும் என்பது உண்மை, ஆனால் கூட்டமாக விட்டால் விளையாட்டில் மறந்துவிட்டு வீட்டுக்குள் வந்து அசுத்தம் செய்யும். தனியாகக் கூட்டிப்போய், முடித்த நொடியில் தின்பண்டம் கொடுங்கள்.

பயிற்சி: முதலில் தனியாக, பிறகு கூட்டத்தில்

முதல் இரண்டு மாதம் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. செவலை விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மற்ற நாய்களோடு இல்லை. மீதி நேரம் மனிதரோடு, அல்லது தனியாக. தினமும் ஒருமுறை, மற்ற இருவரும் கண்ணில் படாதபடி அவனை வேறு அறையில் 10 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை தனியே இருக்கப் பழக்கினேன். கறுப்பிக்கு நான் கொடுக்காதது அதுதான்.

பெயரில் தொடங்குங்கள். பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்ததும் நகக்கண் அளவு வேகவைத்த கோழித் துண்டு. ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். பல நாய்கள் உள்ள வீட்டில் பெயர்கள் ஒலியில் வேறுபட வேண்டும். மணி, மாரி என்று வைத்தால் இரண்டும் குழம்பும்.

அடுத்து "வா". கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து மாற்றி மாற்றி அழைத்தால் குட்டிக்கு அது விளையாட்டு. பிறகு முற்றம், பிறகு நீண்ட கயிற்றோடு மைதானம். வந்த பிறகு ஒருபோதும் கண்டிக்கக் கூடாது, கடித்த செருப்பு வாயிலேயே இருந்தாலும். "உட்கார்", "இரு", "விடு" மூன்றும் அதன் பின். ஒவ்வொரு பாடமும் 3 நிமிடம் போதும்.

குட்டிக்குத் தனியாக நன்றாக வந்த பிறகே மற்ற நாய்களோடு சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மாலையில் நடக்கும் பயிற்சி இது. மூவரும் வரிசையாக உட்காருகிறார்கள். "மணி" என்கிறேன், மணிக்கு ஒரு துண்டு. "கறுப்பி", அவளுக்கு ஒன்று. "செவலை", அவனுக்கு. அடுத்தவர் பெயருக்கு எழுந்து வருபவருக்கு எதுவும் கிடையாது, கை மூடிக்கொள்ளும், அவ்வளவே. முதல் வாரத்தில் செவலை எல்லாப் பெயருக்கும் பாய்ந்தான். மூன்றாம் வாரத்தில், "மணி" என்றதும் செவலையின் தொண்டையில் எச்சில் இறங்குவது மட்டும் தெரியும், பின்புறம் தரையை விட்டு எழாது. அடுத்தவருக்குக் கொடுத்தாலும் தன் முறை வரும் என்று ஒரு நாய் நம்பத் தொடங்கினால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

நடைக்கும் அப்படியே. முதலில் குட்டி மட்டும், பிறகு ஒரு பெரிய நாயோடு, கடைசியில் எல்லாரும். நமக்கு நேரம் போதாது என்பது உண்மை. மூன்று நாய்க்கு 45 நிமிடம் ஒன்றாக நடப்பதைவிடக் குட்டிக்கு 10 நிமிடம் தனியாக ஒதுக்குவது அதிகம் பயன் தரும்.

வெளியுலகம்

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நடத்திய நீண்டகால ஆய்வு, 3 முதல் 12 வாரம் வரையிலான காலம்தான் குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று காட்டியது. தடுப்பூசி முடிவதற்குள் அது கடந்துவிடும். ஆகவே குட்டியைத் தோளில் சுமந்து காட்டுங்கள். காய்கறி வண்டி, குடை, ஹெல்மெட் அணிந்தவர், பள்ளிப் பிள்ளைகள், கோயில் மேளம். தரையில் விட வேண்டியதில்லை. பெரிய நாய்களைக் கூட்டிப்போகாதீர்கள், தைரியம் துணையிடமிருந்து வந்தால் துணை இல்லாத நாளில் போய்விடும்.

தீபாவளி வாரத்தில் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். செவலைக்கு ஒரு மாதம் முன்பே கைபேசியில் பட்டாசுச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சத்தம் வரும்போதெல்லாம் ஈரல் கொடுத்தோம். தினம் கொஞ்சம் ஒலியைக் கூட்டினோம். கறுப்பி இன்றும் கட்டிலுக்கடியில் நடுங்குகிறாள், அதனால் அன்று அவளை வேறு அறையில் வைத்தோம். ஒரு நாயின் பயம் இன்னொன்றுக்குத் தொற்றும்.

6 மாதத்துக்குப் பிறகு

பால் பற்கள் 28 விழுந்து 42 பற்கள் முளைத்து முடிந்திருக்கும். குட்டி இப்போது விடலை. கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும், கூப்பிட்டால் நின்று யோசிக்கும். மீண்டும் நீண்ட கயிற்றுக்குப் போங்கள், தின்பண்டத்தைக் கூட்டுங்கள். ஒன்றரை வயது வரை இது ஏறி இறங்கும்.

பெரிய சண்டைகளும் இந்த வயதில்தான் வரும். கேட்டுக்கு யாராவது வரும்போது, வாசல்படியில் நெருக்கும்போது, நீங்கள் வெளியூரிலிருந்து திரும்பும்போது கவனமாக இருங்கள். சண்டை மூண்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள், கடி உங்களுக்குத்தான். ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள், பாத்திரத்தைத் தரையில் அடித்துச் சத்தமெழுப்புங்கள், நடுவே நாற்காலியையோ பலகையையோ நுழைத்துவிடுங்கள். பிரிந்ததும் வெவ்வேறு அறை, அன்று முழுவதும் சேர்க்க வேண்டாம். உங்களைக் கடித்திருந்தால் ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை இரத்தம் வந்த சண்டை நடந்தால் நாய்களின் நடத்தையை அறிந்த மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பை எப்போது கழற்றலாம் என்று கேட்பார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, குட்டி பெரிய நாயின் ஒரு பார்வைக்கே விலகக் கற்றிருந்தால் திறந்துவிடலாம். ஆள் இல்லாத வீட்டில் ஒன்றாக விட ஒரு வயதாவது ஆகட்டும். எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது இன்றும் தடுப்பை மூடுகிறோம். மணி திண்ணையில், கறுப்பி கூடத்தில், செவலை தன் கூண்டில், கதவு திறந்தபடி. செவலை சில நாள் தடுப்பருகே வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான். நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் எழுந்து வருகிறான்.